பொய் சொல்லும் தந்தி... மெய் சொல்லும் மலை!

உங்க ஹாஸ்டலில் கிட்டார் வைத்திருக்கிற ஒரு ஜீவனாவது கண்டிப்பாக இருக்கும். வார்டன் ரவுண்ட்ஸ் முடிந்த பிறகு மாடிப்படியில் உட்கார்ந்து அந்த ஜீவன் சுருதி சேர்க்கிற அழகைப் பார்த்திருப்பீங்க. செல்போனில் ட்யூனர் ஆப். முள் நடுவுக்கு வருது, பச்சை விளக்கு எரியுது. ஆனா மீட்டினா மட்டும் 'வ்வோங்... வ்வோங்...'னு ஒரு நெளிவு. திருகாணியை லேசா திருப்பினாலும் நெளிவு போகலை. இன்னும் கொஞ்சம் திருப்பியும்... ஊஹூம்! கடைசியில், 'விடு மச்சி, நமக்கெல்லாம் சங்கீதக் காதே கிடையாது'ன்னு கிட்டார் உறைக்குள் போய்விடும். பல பேருக்கு அதுதான் கிட்டாரோட கடைசி நாள்!

கொஞ்சம் இருங்க. காது மேல பழி போடுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி. அந்தக் கம்பி உண்மை பேசுதான்னு பார்த்தீங்களா?

ஆமாங்க, தந்தி பொய் சொல்லும்! பியானோ ரிப்பேர் பண்றவங்க இதை 'ஃபால்ஸ் ஸ்ட்ரிங்' என்றே சொல்கிறார்கள். நம்ம பாஷையில் 'பொய்த் தந்தி'ன்னு வெச்சுக்குவோம். இந்தப் பொய்யைக் கையும் களவுமாகப் பிடிக்கக் கத்துக்கணும்னா, ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கிட்டு புதுக்கோட்டைக்கு பஸ் ஏறுங்க.

'பியானோவுக்கும் புதுக்கோட்டைக்கும் என்ன சம்பந்தம்?'னுதானே கேட்கறீங்க? தந்தி மீட்டக் கத்துக்கிற மாணவர்களுக்காக, ஏறத்தாழ 1,300 வருஷத்துக்கு முன்னாடியே பாறையில் பாடம் வெட்டி வெச்ச ஊர் இந்த மாவட்டத்தில்தான் இருக்கு. அந்தப் பாறையைப் பார்க்கிறதுக்கு முன்னாடி, தந்தி எப்படிப் பொய் சொல்லுதுன்னு பஸ்ஸிலேயே பேசி முடிச்சிடலாம்.

ஒரு கம்பி... ரெண்டு நாக்கு!

ப்ளஸ் ஒன் இயற்பியலில் 'விம்மல்கள்'னு ஒரு பாடம் வந்ததே, ஞாபகம் இருக்கா? ஒரு ஒலியின் அதிர்வெண் 440, இன்னொன்று 442. ரெண்டும் சேர்ந்து ஒலிச்சா, நொடிக்கு 2 தடவை சத்தம் ஏறி இறங்கும். அந்த 'வ்வோங் வ்வோங்'தான் விம்மல். ரெண்டு கம்பிகளுக்கு நடுவில் விம்மல் கேட்டா பிரச்னையே இல்லை. ஒன்றைத் திருகி, இன்னொன்றோட சேர்த்துட்டா அடங்கிடும்.

ஆனா ஒரே ஒரு கம்பியை மட்டும் தட்டும்போது விம்மல் கேட்டா? அதுதான் பொய்த் தந்தி! 

பியானோவில் மொத்தம் 88 கட்டைகள். உள்ளே சுமார் 230 கம்பிகள். எண்ணிக்கை எப்படி ஏறுதுன்னா, மேல் ஸ்தாயியில் ஒவ்வொரு கட்டைக்கும் மூணு மூணு கம்பி. ஒரு கட்டையைத் தட்டினா மூணும் ஒண்ணா ஒலிக்கணும். சுருதி சேர்க்கிறவர் ரெண்டு கம்பிகளுக்கு நடுவில் கம்பளித் துண்டைச் செருகி வாயை மூடிட்டு, ஒற்றைக் கம்பியை மட்டும் கேட்பார். அப்பவும் விம்மல் வந்தா, 'சரி, இவன்தான் பொய்யன்'னு முடிவு கட்டுவார்.

ஒரே கம்பி எப்படி ரெண்டு சுருதியில் பேசும்? கம்பி ஒரு மரப்பாலத்தின் மேல் போகுது. அந்தப் பாலத்தில் குட்டிக் குட்டி இரும்பு ஊசிகளை அடிச்சிருப்பாங்க. கம்பி அந்த ஊசியில் சாய்ந்து, மரத்தில் அழுந்தி உட்காரணும். நம்ம ஊர் மழைக்காலத்தில் மரம் உப்பும். அக்னி நட்சத்திரத்தில் சுருங்கும். இப்படி வருஷா வருஷம் நடந்தா, ஊசி அடிச்ச துளை லேசா தளர்ந்துடும். இப்போ கம்பி மேலும் கீழுமா ஆடும்போது பாலத்தின் விளிம்பு அதை உறுதியாப் பிடிச்சுக்குது. பக்கவாட்டில் ஆடும்போது தளர்ந்த ஊசி கொஞ்சம் வளைஞ்சு கொடுக்குது. கம்பிக்கு ஒரு திசையில் ஒரு நீளம், இன்னொரு திசையில் மயிரிழை கூடுதல் நீளம். நீளம் ரெண்டுன்னா சுருதியும் ரெண்டு. ரெண்டும் மோதினா விம்மல்!

இந்த நோய் ஏன் மேல் ஸ்தாயிக் கம்பிகளையே பிடிச்சு ஆட்டுதுங்கிறதுக்கு ஒரு சின்னக் கணக்கு போதும். பியானோவின் கடைசிக் கட்டைக்கு உரிய கம்பியில் அதிர்கிற பகுதி ஏறத்தாழ 5 சென்டிமீட்டர்தான். அதன் அதிர்வெண் 4,186. இதில் நீளம் 0.1 மில்லிமீட்டர் மாறினா, 500-ல் ஒரு பங்கு மாற்றம். அதாவது நொடிக்கு 8 விம்மல். காது கூசும்! அதே 0.1 மில்லிமீட்டர் தவறு, ஒரு மீட்டர் நீளத்தில் 55 அதிர்வெண்ணில் பேசுற கீழ் ஸ்தாயிக் கம்பியில் நடந்தா, மூணு நிமிஷத்துக்கு ஒரு விம்மல். யாருக்குக் கேட்கப் போகுது? சின்னக் கம்பிக்குச் சின்னத் தப்பும் பெரிய தப்பு. அவ்வளவுதான் ரகசியம்!

முதல் ஸ்டாப்: சித்தன்னவாசல்

புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் போகிற பாதையில் சுமார் 16 கிலோமீட்டர். 'ஓவியம் பார்க்கத்தானே எல்லாரும் போவாங்க'ன்னு நினைக்காதீங்க. ஓவியத்தைக் கண்ணால பாருங்க, ஆனா இங்கே வந்தது காதுக்காக.

பாறையைக் குடைந்து செய்த சமணக் கோயில் அறிவர் கோயில். கூரையில் தாமரைக் குளம், தூண்களில் நடன மாதர்... 9-ம் நூற்றாண்டு ஓவியங்கள். மிச்சம் இருக்கிறது கொஞ்சம்தான், அதுக்கே மூச்சு முட்டும்! உள்ளே தீர்த்தங்கரர் சிற்பங்கள் இருக்கிற கருவறை, சுமார் பத்தடி அகலமுள்ள சின்னக் கல் அறை. காவலர் அனுமதிச்சா அதுக்குள்ளே நின்று, வாயை மூடிக்கிட்டு 'ம்ம்ம்ம்'னு ஒரு ரீங்காரம் போடுங்க. தாழ்ந்த குரலில் ஆரம்பிச்சு மெதுவா மேலே போங்க. ஏதோ ஒரு இடத்தில் அறை முழுக்க உங்க குரலைப் பிடிச்சுக்கிட்டு 'ஙொய்ய்ய்'னு ஒலிக்கும். உடம்பே அதிரும். கொஞ்சம் மேலே போனா பொசுக்குனு அடங்கிடும்.

மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை. நாலு பக்கமும் கல். ஒலி சுவரில் முட்டி முட்டித் திரும்பும்போது, அறையின் அகலத்துக்குப் பொருந்துகிற சுருதி மட்டும் பலமாகிடும். மூணு மீட்டர் அறைன்னா, 57 அதிர்வெண் பக்கத்திலும், அதன் இரட்டிப்பான 115 பக்கத்திலும் இந்த விளையாட்டு நடக்கும். ஆண் குரலின் தாழ்ந்த ரீங்காரம் அந்த ரெண்டாவது இடத்தில்தான் இருக்கும்.

நம்ம துப்பறியும் வேலைக்கு இதுதான் முதல் பாடம். தந்தியைச் சந்தேகப்படுறதுக்கு முன்னாடி அறையைச் சந்தேகப்படுங்க! ஹாஸ்டல் ரூமில் இரும்பு பீரோ, ஜன்னல் கண்ணாடி, மேஜை மேல் இருக்கிற எவர்சில்வர் டம்ளர்... இவங்க எல்லாருமே ஒரு குறிப்பிட்ட சுருதிக்குக் கூடச் சேர்ந்து பாடுவாங்க. வாத்தியத்தை எடுத்துட்டு மொட்டை மாடிக்குப் போங்க. அங்கே நெளிவு காணாமல் போச்சுன்னா குற்றவாளி ரூமிலேயே இருக்கான். அங்கேயும் கேட்டா, அடுத்த ஆளை விசாரிக்கலாம்.

சீவகன் நடத்திய இன்ஸ்பெக்‌ஷன்

சித்தன்னவாசல் மலையின் இன்னொரு பக்கத்தில் ஏழடிப்பட்டம் இருக்கு. சமண முனிவர்கள் படுத்த கல் படுக்கைகள். அதில் ஒன்றில் தமிழ்-பிராமி எழுத்து. மேலே ஏறிட்டீங்கன்னா காத்து பிச்சுக்கிட்டுப் போகும். அங்கே உட்கார்ந்து தண்ணி குடிச்சுக்கிட்டே ஒரு சமணக் கதையைக் கேளுங்க.

திருத்தக்கதேவர் என்ற சமண முனிவர் எழுதின காப்பியம் சீவக சிந்தாமணி. உ.வே.சாமிநாதையர் 1887-ல் இதை அச்சில் கொண்டுவந்தார். கதையில் காந்தருவதத்தை என்று ஒரு பொண்ணு. யாழ் போட்டியில் தன்னை ஜெயிக்கிறவனைத்தான் கட்டிக்குவேன்னு சொல்லிடறாங்க. ஊரில் இருக்கிற பெரிய பெரிய ஆளெல்லாம் தோத்துப் போறாங்க. சீவகன் வர்றான். யாழைக் கொண்டுவந்து கொடுக்கிறாங்க. நம்ம ஆளா இருந்தா உடனே வாங்கி வாசிச்சு, தோத்து, 'எனக்குக் காது இல்லை'ன்னு கிளம்பியிருப்போம். சீவகன் என்ன பண்றான் தெரியுமா? முதலில் யாழைச் சோதிக்கிறான்!

இது தண்ணியில் கிடந்த மரம்... வேண்டாம். இது வெந்த மரம்... வேண்டாம். இது இடி விழுந்த மரம்... வேண்டாம். இப்படி ஒவ்வொன்றா ஒதுக்கறான். நரம்பையும் விடலை. திரித்த நரம்பின் முறுக்கைப் பிரிச்சு, உள்ளே ஒளிஞ்சிருந்த முடியை எடுத்துக் காட்டறான். சபை அசந்து போகுது!

யாழ் நரம்புக்கு ஆகாத குற்றங்கள் நாலுன்னு பழைய உரைகள் பட்டியலே போட்டிருக்கு. கொடும்புரி, மயிர், தும்பு, முறுக்கு. கோணலாகத் திரித்த திரி, உள்ளே சிக்கின முடி, பிசிறு, ஏறிப்போன முறுக்கு. இதை அப்படியே இன்றைய எஃகுக் கம்பிக்குப் போட்டுப் பாருங்க. கம்பி போடும்போது கை தவறி ஏறின முறுக்கு, மடிஞ்சு நிமிர்ந்த இடத்தில் ஒரு சின்ன வளைவு, கடல் காத்தில் பூத்த துரு, ஒரே இடத்தில் அழுத்தி அழுத்தி விழுந்த பள்ளம். பேர்தான் மாறியிருக்கு, குற்றம் மாறலை! காரணமும் ஒன்றுதான். தந்தி முழு நீளத்துக்கும் ஒரே கனமா, ஒரே சீரா இருந்தாத்தான் ஒரே சுருதியில் பேசும். ஒரு இடத்தில் கனம் கூடினா, குறைஞ்சா, அங்கே பொய் ஆரம்பிச்சுடும்.

சீவகன் சொல்லிக் கொடுக்கிற பாடம் இதுதான். வாத்தியத்தைப் பரிசோதிக்கிறது சாக்குப்போக்கு இல்லை. அதுவும் வித்தையில் ஒரு பகுதி!

குடுமியான்மலை: பாறையில் ஒரு பாடப் புத்தகம்

இப்போ பயணத்தின் ஹீரோவுக்கு வருவோம். புதுக்கோட்டையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். ஊருக்குப் பழைய பேர் திருநலக்குன்றம். தலவரலாறு ஒன்று சொல்வாங்க. கோயில் பூவை அர்ச்சகர் தன் காதலிக்குக் கொடுத்துட்டார். அந்த நேரம் பார்த்து ராஜா வந்துட, அதே பூவை வாங்கிப் பிரசாதமாகக் கொடுத்தார். அதில் ஒரு முடி! 'இது என்ன?'ன்னு ராஜா கேட்க, 'சாமிக்குக் குடுமி உண்டு'ன்னு அர்ச்சகர் அடிச்சுவிட, பக்தனைக் காப்பாத்த சிவபெருமான் நிஜமாவே குடுமியோட காட்சி கொடுத்தாராம். நரம்பில் முடி இருந்தா சீவகன் விடமாட்டான், பூவில் முடி இருந்தா சாமி விட்டுக்கொடுக்க மாட்டார்!

சிகாகிரீஸ்வரர் கோயில் மண்டபத்தில் நாயக்கர் காலச் சிற்பங்கள் ஆளுயரத்துக்கு நிக்கும். ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிஷம் கொடுங்க. அதுக்கப்புறம், பின்னாடி மலையைக் குடைந்து செய்த மேலைக்கோயிலுக்கு வாங்க. அதன் பக்கத்துப் பாறைச் சரிவில், சுமார் 13 அடிக்கு 14 அடி பரப்பில், வரி வரியா எழுத்து. 38 வரிகள். கிரந்த எழுத்து, சமஸ்கிருத மொழி. தானம் கொடுத்த கணக்கு இல்லை, போரில் ஜெயிச்ச பெருமையும் இல்லை. முழுக்க முழுக்க ச-ரி-க-ம!

ஏழு பிரிவு. மத்திமகிராமம், சட்ஜகிராமம், ஷாடவம், சாதாரிதம், பஞ்சமம், கைசிகமத்திமம், கைசிகம் என்று அந்தக் காலத்து ஏழு ராகங்களுக்கும் ஒவ்வொரு பிரிவு. சுரங்களை நாலு நாலாகக் கோத்திருக்காங்க. பிரிவின் தலைப்பே 'நான்கு மீட்டுகள் கொண்ட சுரக்கோவை' என்கிற பொருளில்தான் இருக்கு. ஒவ்வொரு சுரமும் ர, ரி, ரு, ரெ என்கிற மாதிரி நாலு உயிரெழுத்தோட மாறி மாறி வருது. அது நுண்சுருதியைக் குறிக்குதா, மீட்டுகிற விதத்தைக் குறிக்குதான்னு ஆய்வாளர்கள் இன்னும் விவாதம் பண்றாங்க. 1904-ல் கல்வெட்டுத் துறையின் கண்ணில் பட்டது இது. பிறகு பண்டார்கர் வாசித்து 'எபிகிராஃபியா இண்டிகா' பன்னிரண்டாம் தொகுதியில் வெளியிட்டார்.

கடைசியில் யார் எழுதினதுன்னு ஒரு குறிப்பு இருக்கு. சிவபக்தனான, ருத்ராசாரியர் என்பவரின் சீடனான ஒரு அரசன், மாணவர்களின் நன்மைக்காகச் செய்ததாம். அவ்வளவுதான். அரசன் பேர் கிடையாது! 'மகேந்திரவர்ம பல்லவன் வெட்டின கல்வெட்டு'ன்னு பல புத்தகத்தில் படிச்சிருப்பீங்க. அவன் சங்கீதப் பிரியன், எழுத்தும் அந்தக் காலத்தை ஒட்டியதுங்கிறதால் வந்த ஊகம் அது. ஏத்துக்கிறவங்களும் உண்டு, மறுக்கிறவங்களும் உண்டு. பாறையில் பேர் இல்லைங்கிறது மட்டும் நிச்சயம். பொய்த் தந்தியைத் தேடி வந்த நீங்க இதையும் ஒரு தட்டு தட்டிப் பார்க்கணுமில்லையா? 'எல்லாரும் சொல்றாங்க'ங்கிறது சுருதி சேர்ந்ததுக்கு அத்தாட்சி ஆகாது!

குறிப்புக்கு அடியில் தமிழில் ஒரு சின்ன வரி. இந்தப் பாடம் எட்டுக்கும் ஏழுக்கும் பொருந்தும் என்கிற பொருள். எட்டுத் தந்தி வாத்தியம், ஏழு தந்தி வாத்தியம் என்று அறிஞர்கள் விளக்கம் சொல்றாங்க. பக்கத்தில் பிள்ளையாருக்கு மேலே 'பரிவாதிநிதா' என்று ஒரு வெட்டெழுத்து. பரிவாதினி என்றால் ஏழு தந்திகள் கொண்ட வீணை. இப்போ கச்சேரியில் பார்க்கிற வீணையோட இதைக் குழப்பிக்காதீங்க. இன்றைய 24 மெட்டு வீணையைத் தஞ்சை ரகுநாத நாயக்கர் காலத்தோடு, அதாவது 17-ம் நூற்றாண்டோடு சேர்த்துச் சொல்வாங்க.

நம்ம பொய்த் தந்தி இங்கேதான் முக்கியமாகுது. யாழ் மாதிரி மெட்டு இல்லாத வாத்தியத்தில் ஒரு தந்திக்கு ஒரு சுரம். அதில் ஒரு தந்தி பொய் சொன்னா, அந்தச் சுரம் வருகிற ஒவ்வொரு இடமும் பொய்! இந்த 38 வரியையும் மனப்பாடமா வாசிச்சாலும், நரம்பில் ஒரு முடி சிக்கியிருந்தா மொத்தப் பாடமும் வீண். நல்ல பாடம், நல்ல ஆசிரியர், நல்ல காது... எல்லாம் இருந்தும் தந்தி சரியா உட்காரலைன்னா ஒண்ணும் நடக்காது.

புளியோதரை பிரேக்... கூடவே பிராக்டிகல்!

கோயில் வாசலில் மர நிழல் இருக்கு. கட்டுச்சோற்றைப் பிரிச்சுக்கிட்டே, உங்க வாத்தியத்துக்கு என்ன பண்ணலாம்னு பார்த்துடலாம். வரிசை ரொம்ப முக்கியம். காசு ஆகாத வேலை முதலில், செலவு கடைசியில்!

ஒண்ணு: மற்ற தந்திகளை விரலால் அமுக்கிட்டு, சந்தேகமான தந்தியைத் தனியா மீட்டுங்க. நெளிவு போயிடுச்சா? அப்போ அது பொய்த் தந்தி இல்லை, ரெண்டு தந்திகளுக்குள் சண்டை. சுருதி சேர்த்தாலே போதும்.

ரெண்டு: தனியாவும் நெளியுதா? தந்தி எங்கே உட்காருதுன்னு பாருங்க. குதிரை, அதாவது பிரிட்ஜ் பக்கத்தில் விரலால் தந்தியை லேசா அழுத்திட்டு மறுபடி மீட்டுங்க. சத்தம் தெளிஞ்சா, குற்றம் தந்தியில் இல்லை, உட்காருகிற இடத்தில்! வீணையா இருந்தா குதிரை மேல் இருக்கிற உலோகத் தகட்டில் தந்தி அறுத்த பள்ளம் இருக்கும். கிட்டாரில் மேல் முனைக் கட்டையின் பள்ளம் அகலமாகியிருக்கும். பியானோவில் ரிப்பேர் பண்றவர் ஸ்க்ரூ டிரைவரால் ஊசியைப் பக்கவாட்டில் அழுத்திப் பார்ப்பார். விம்மல் நின்னா, ஊசி தளர்ந்திருக்கு. தந்தியை மெதுவா அமுக்கிப் பாலத்தில் உட்கார வைப்பார். அதுக்கும் அடங்கலைன்னா தண்ணி மாதிரி இளகின சூப்பர் க்ளூவை ஊசியடியில் ஒரு சொட்டு விட்டுத் துளையை இறுக்குவார். காலேஜ் பியானோவில் இதை நீங்களே ட்ரை பண்ணாதீங்க. ஓங்கித் தட்டினா பாலத்து மரமே நசுங்கிடும்!

மூணு: இடம் சரியா இருந்தா, இப்பத்தான் தந்தி மேல் கை வைக்கணும். கிட்டாரில் பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு நேர் மேலே விரலை லேசா வெச்சு மீட்டுங்க. பிறகு அதே ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டுங்க. ரெண்டும் ஒரே சுருதியா வரணும். மாறினா தந்தி கெட்டிருக்கணும், இல்லைன்னா பிரிட்ஜ் நகர்ந்திருக்கணும். வயலின்காரங்களுக்கு இன்னும் சுலபம். ச-ப தந்திகள் ரெண்டும் சுத்தமா சேர்ந்த பிறகு, ஒரே விரலை ரெண்டின் மேலேயும் நேரா வெச்சு வில் போடுங்க. எங்கே வெச்சாலும் ச-ப உறவு மாறக்கூடாது. மாறினா ரெண்டில் ஒருத்தர் பொய்யர்!

நாலு: தந்தியை மாத்துங்க. போடும்போது முறுக்கு ஏறாம, மடியாம போடுங்க. புதுத் தந்தி இழுபட்டு நிலைக்க ரெண்டு மூணு நாள் ஆகும். அவசரப்பட்டுத் திட்டாதீங்க.

அஞ்சு: புதுத் தந்தியும் அதே இடத்தில் அதே மாதிரி நெளிஞ்சா, ரெண்டாம் நம்பருக்குத் திரும்பிப் போங்க. உட்காருகிற இடத்தைக் கைதேர்ந்தவரிடம் காட்டணும். வீணைக்குப் பக்கத்திலேயே தஞ்சாவூர் இருக்கு. 2013-ல் புவிசார் குறியீடு வாங்கின வீணை! மெட்டுகள் மெழுகில் பதிஞ்சிருக்கிறதால், சுருதி பார்த்துப் பார்த்து மறுபடி பதிப்பாங்க. 'மேளம் கட்டுறது'ன்னு அதுக்குப் பேர். பியானோன்னா சென்னைதான். அண்ணா சாலை மியூசி மியூசிகல் கடை, 1842-ல் மிஸ்க்வித் கம்பெனியாக ஆரம்பிச்ச காலத்திலிருந்தே பியானோக்காரங்களுக்குத் தெரிஞ்ச முகவரி.

கவனிச்சீங்களா? இந்த அஞ்சிலும் திருகாணியைத் திருகுகிற வேலை முதல் படியோட முடிஞ்சு போச்சு. பொய்த் தந்தியைத் திருகித் திருகி யாராலும் உண்மை பேச வைக்க முடியாது. அறுந்துதான் போகும்!

கடைசி ஸ்டாப்: மெய்யான ஊர்!

சாயங்காலம் திருமயம். புதுக்கோட்டைக்குத் தெற்கே சுமார் 20 கிலோமீட்டர். போகிற வழியில் நேரம் இருந்தா நச்சாந்துபட்டி பக்கத்தில் மலையக்கோயிலுக்குத் திரும்புங்க. அங்கே இருக்கிற குடைவரையிலும் அதே 'பரிவாதிநிதா' எழுத்து இருக்கு. ஒரு வாத்தியத்தின் பேரை ஊர் ஊராகப் பாறையில் வெட்டி வெச்சிருக்காங்கன்னா, அந்த வாத்தியம் இந்தச் சீமையை எப்படி ஆட்டி வெச்சிருக்கும்!

திருமயம்னா எல்லாரும் கோட்டைக்குத்தான் ஓடுவாங்க. கிழவன் சேதுபதி 1687-ல் கட்டினது. மேலே பீரங்கி, கீழே ஊர், செல்ஃபிக்குச் செம ஸ்பாட்! ஆனா நீங்க முதலில் அடிவாரத்துக் குடைவரைக் கோயில்களுக்குப் போங்க. ஒரே பாறையில் அடுத்தடுத்து சிவனுக்கு ஒன்று, பெருமாளுக்கு ஒன்று. சத்தியகிரீஸ்வரர், சத்தியமூர்த்திப் பெருமாள். ஊரின் பழைய பேர் திருமெய்யம். மெய்யின் ஊர்!

சிவன் குடைவரையின் சுவரிலும் ஒரு காலத்தில் குடுமியான்மலை மாதிரியே இசைக் கல்வெட்டு இருந்தது. இப்போ அங்கே மிஞ்சியிருக்கிறது துணுக்குகள்தான். 13-ம் நூற்றாண்டில் ரெண்டு கோயில்களுக்கும் நடுவில் வருமானத் தகராறு வந்து, தீர்த்து வெச்சு, தீர்ப்பை நீளமா கல்லில் வெட்டினாங்க. அந்தச் சுவரில் பழைய சுரங்கள் போயே போச்சு. தகராறு வாசகம் தெளிவா நிக்குது. பாட்டுப் பாடம் காணோம்!

அந்தச் சுவர் முன்னாடி ரெண்டு நிமிஷம் சும்மா நில்லுங்க. குடுமியான்மலையில் 38 வரி பிழைச்சது, இங்கே பிழைக்கலை. கல்லில் வெட்டினாலும் ஒரு பாடம் தானா நிலைச்சுடாது. தலைமுறைக்கு ஒருத்தராவது அதை எடுத்து மீட்டிப் பார்க்கணும். மீட்டுகிறவர் இல்லைன்னா அது வெறும் எழுத்து. எழுத்துக்குச் சுவரில் இடம் இல்லாம போக ஒரு சின்னத் தகராறு போதும்.

அந்தப் பேரில்லாத அரசன் பாடத்தைப் பண்டிதர்களுக்காக வெட்டலை. மாணவர்களின் நன்மைக்காக என்றுதான் வெட்டினான். அப்படின்னா உங்களுக்காகத்தான்! அதனால, நெளியற தந்தியைக் கேட்டதும் 'எனக்குக் காது இல்லை'ன்னு எழுந்து போயிடாதீங்க. நெளிவு உங்க காதில் விழுதுன்னாலே, உங்க காது மெய்தான்னு அர்த்தம்!

போறவங்க குறிச்சுக்கோங்க: காலையில் சீக்கிரம் கிளம்பிடுங்க, மதியம் பாறை கொதிக்கும். தொப்பி, தண்ணி கட்டாயம். கோயில்கள் மதியம் நடை சாத்திடும், நேரம் பார்த்துப் போங்க. கல்வெட்டு மேல் சாக்பீஸ், மாவு எதையும் பூசிப் படம் எடுக்காதீங்க. காலை, மாலைச் சாய்வெயிலில் எழுத்து தானாவே பளிச்சுனு தெரியும். முடிஞ்சா சுருதிப் பெட்டி வாசிக்கத் தெரிஞ்ச ஒரு ஃப்ரெண்டைக் கூட்டிட்டுப் போங்க. பஸ்ஸில் திரும்பி வரும்போது பேச விஷயம் நிறைய இருக்கும்!